நெபுலா இழையை வைத்து அதிர்ச்சி அலையின் வேகம் கணக்கிடுவது எப்படி?

சிக்னஸ் விண்மீன் கூட்டத்தில் உள்ள வெய்ல் நெபுலா, வெடித்த விண்மீன் ஒன்றின் மிச்சம். அதன் வெளி ஓரத்து மெல்லிய இழைகள்தாம், அந்த வெடிப்பு கிளப்பிய அதிர்ச்சி அலையின் முகப்பு. சில பத்தாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் போதும். அலையின் வேகம், அது சூடாக்கிய வளிமத்தின் வெப்பநிலை இரண்டையும் கணக்கிட்டுவிடலாம்.

இழையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பளிச்சென்ற இழைகள் பார்க்க அழகு, இந்தக் கணக்குக்கு ஆகாது: அங்கே வளிமம் குளிரத் தொடங்கிவிட்டது. வடகிழக்கு விளிம்பில், ஹைட்ரஜன்-ஆல்ஃபாவில் (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளி) மட்டும் மங்கலாகத் தெரியும் இழையை எடுங்கள். கந்தக ஒளி, ஹைட்ரஜன்-ஆல்ஃபாவில் 0.4 பங்கைத் தாண்டினால் அதிர்ச்சி என்ற வழக்கமான சோதனை இதற்குப் பொருந்தாது. கந்தகம் ஒளிரும் அளவுக்கு இங்கே வளிமம் இன்னும் ஆறவில்லை.

டாப்ளர் பெயர்ச்சியை, அதாவது நம்மை நோக்கியோ விலகியோ ஓடும்போது ஒளியின் அலைநீளம் மாறுவதை, நம்ப வேண்டாம். திரைச்சீலையின் மடிப்பை ஓரமாகப் பார்ப்பது போலத்தான் இழையைப் பார்க்கிறோம். அலை நம்மை நோக்கி அல்ல, பக்கவாட்டில் ஓடுகிறது. எனவே நகர்வைத்தான் அளக்க வேண்டும். இரண்டு படமும் ஒரே வடிகட்டியில் எடுத்ததாக இருக்கட்டும். ஆக்சிஜன் ஒளியும் ஹைட்ரஜன் ஒளியும் ஒரே இடத்தில் இருப்பதில்லை, மாற்றிப் போட்டால் இல்லாத நகர்வு தெரியும். மங்கலான விண்மீன்களை வைத்துப் படங்களைப் பொருத்தி, இழைக்குச் செங்குத்தாக அளவெடுங்கள்.

வேகம் (கி.மீ/நொடி) = 4.74 × ஆண்டு நகர்வு (ஆர்க்செகண்ட்) × தூரம் (பார்செக்)

ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு; பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு. 40 ஆண்டில் 4 ஆர்க்செகண்ட் என்றால் ஆண்டுக்கு 0.1. தூரம் 735 பார்செக். வேகம் சுமார் 350.

வெப்பநிலை (கெல்வின்) = 1.36 கோடி × (வேகம் ÷ 1000)²

சுமார் 16.5 லட்சம் கெல்வின். வளிமம் முழுவதும் அயனியானது (அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்துவிட்டன), சராசரித் துகள் நிறை ஹைட்ரஜனில் 0.6 பங்கு என்று வைத்த கணக்கு இது. அலைக்குப் பின்னால் அடர்த்தி 4 மடங்கு. வளிமம் அலையின் வேகத்தில் முக்கால் பங்கோடு பின்தொடரும்.

சில பழைய கட்டுரைகளில் தூரம் 440 பார்செக் என்று இருக்கும். அதைப் போட்டால் வேகம் 209, வெப்பநிலை வெறும் 6 லட்சம். வேகம் இருபடியாக வருவதால் தூரத்தில் விட்ட பிழையும் இருபடியாகப் பெருகும்.

எக்ஸ்-கதிரில் அளந்த வெப்பநிலை இதைவிடக் குறைவாக வந்தால் உடனே கணக்கைச் சந்தேகிக்காதீர்கள். எக்ஸ்-கதிர் காட்டுவது எலெக்ட்ரான்களின் சூட்டை. வெப்பத்தில் பெரும்பங்கை முதலில் வாங்குவது அயனிகள். மோதல் அரிதான வளிமத்தில் இரண்டும் சமமாக நாளாகும்.