இந்தியா, பிரான்ஸ் தண்ணீர்க் கணக்கை ஒப்பிடுவது எப்படி?

புதுச்சேரியில் இருந்துகொண்டு இரண்டு நாடுகளின் நன்னீரை ஒப்பிட நினைப்பவருக்கு இந்தியாவும் பிரான்சும்தான் முதலில் தோன்றும். இரண்டுக்கும் தரவு கிடைக்கிறது, பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்களும் ஊரில் உண்டு. ஆனால் "தலைக்கு இத்தனை கன மீட்டர்" என்று ஆளுக்கொரு எண்ணை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது ஒப்பீடு ஆகாது. இரண்டு எண்களும் ஒரே பொருளை அளக்கின்றனவா என்று பார்ப்பதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது.

அலகை முதலில் ஒன்றாக்குங்கள்

நம் பக்கத்தில் டிஎம்சி (100 கோடி கன அடி), மத்திய அரசு அறிக்கைகளில் பிசிஎம், உலகத் தரவுகளில் கன கிலோமீட்டர். ஒரு பிசிஎம்மும் ஒரு கன கிலோமீட்டரும் ஒன்றே: 100 கோடி கன மீட்டர், அதாவது 35.3 டிஎம்சி. கண்ணுக்குத் தெரியும்படி சொன்னால், 1.465 டிஎம்சி கொள்ளும் வீராணம் ஏரியை 24 முறை நிரப்பலாம். எக்செல்லில் எல்லாவற்றையும் கன கிலோமீட்டருக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

பிரெஞ்சு ஆவணங்களில் இரண்டு இடங்களில் கால் வழுக்கும். அங்கே தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். "4,1" என்றால் 4.1, நாற்பத்தொன்று அல்ல. அடுத்தது, "மில்லியார்" என்பது 100 கோடி. நாம் பில்லியன் என்று சொல்வது அதைத்தான். பிரெஞ்சில் "பில்லியோன்" என்று வந்தால் அது லட்சம் கோடி. இந்த ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் விடை ஆயிரம் மடங்கு விலகும்.

வரவுக் கணக்கு

புதுப்பிக்கத்தக்க நீர்வளத்துக்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அக்வாஸ்டாட் தரவுத்தளத்தையே இரண்டு நாட்டுக்கும் பயன்படுத்துங்கள். ஒரு நாட்டுக்கு அதையும் இன்னொரு நாட்டுக்கு அரசு அறிக்கையையும் கலக்காதீர்கள்.

இந்தியாவுக்கு அதில் மேற்பரப்பு நீர் 1,404, நிலத்தடி நீர் 432 கன கிலோமீட்டர். இரண்டையும் கூட்டி 1,836 என்று எழுதுவதுதான் அடிக்கடி பார்க்கும் பிழை. ஆற்றில் கோடையில் ஓடும் நீரில் பெரும்பகுதி நிலத்தடியிலிருந்து ஊறி வந்ததே. அந்தப் பொதுப்பகுதி 390. அதைக் கழித்தால்தான் உள்நாட்டு வளம் 1,446 என்று சரியாக வரும். பிரான்சுக்கு 198 + 120 − 118 = 200. அங்கே நிலத்தடி நீர் ஏறக்குறைய முழுவதும் ஆற்றுக் கணக்கிலும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இதன்மேல் எல்லை தாண்டி வரும் நீரைச் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டுக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2018 காவிரித் தீர்ப்பின்படி கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் வரவேண்டிய 177.25 டிஎம்சி ஒரு கணக்கு, மாநிலத்துக்குள் பெய்யும் மழை வேறு கணக்கு. நாடுகளுக்கும் அப்படியே. வெளியிலிருந்து வருவதையும் சேர்த்தால் இந்தியாவுக்கு 1,911, பிரான்சுக்கு 211. இந்தியாவின் மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கு அடுத்த நாடுகளைச் சார்ந்திருக்கிறோம் என்பது 1,446-க்கும் 1,911-க்கும் உள்ள வித்தியாசத்திலேயே தெரிகிறது. வங்கதேசத்துக்கு இதே கணக்கைப் போட்டால் பத்தில் ஒன்பது பங்கு வெளியிலிருந்து வருவது. எந்த வரியை எடுக்கிறீர்கள் என்பது அவ்வளவு முக்கியம்.

பிரான்சின் எல்லையையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானா மழைக்காடு. ஆறுகள் பெரியவை, மக்கள் குறைவு. அதைச் சேர்த்தால் பிரான்சின் தலைக்கணக்கு வீங்கிவிடும். 211 என்பது ஐரோப்பிய நிலப்பகுதிக்கு உரியது. ஆகவே வகுக்கும் மக்கள்தொகையும் அப்பகுதியுடையதாக, சுமார் 6.6 கோடியாக, இருக்கட்டும். விடை ஏறத்தாழ 3,200 கன மீட்டர். இந்தியாவுக்கு 143 கோடியால் வகுத்தால் சுமார் 1,340.

தலைக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழே போனால் நெருக்கடி, 1,000-க்குக் கீழே பற்றாக்குறை என்பது ஸ்வீடன் நீரியலாளர் மாலின் ஃபால்கன்மார்க்கின் அளவுகோல். அதைக் குறிப்பிடுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அது வரவை மட்டும் பார்க்கிறது, செலவைப் பார்ப்பதில்லை.

எடுப்பு வேறு, நுகர்வு வேறு

ஒப்பீடுகள் அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். எடுப்பு என்பது ஆற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ (போர்) வெளியே எடுத்த மொத்த நீர். நுகர்வு என்பது அதில் ஆவியாகியோ பயிருக்குள் போயோ திரும்பி வராத பங்கு. பிரெஞ்சில் முதலாவது "ப்ரெலெவ்மான்", இரண்டாவது "கான்சொமாசியோன்". அட்டவணையில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்க்காமல் எண்ணை எடுக்கவே கூடாது.

பிரான்சில் ஆண்டுக்கு எடுப்பு சுமார் 30 கன கிலோமீட்டர். இதில் பாதியளவு மின் நிலையங்களைக் குளிர்விக்கப் போகிறது. ரோன் போன்ற ஆறுகளில் இருந்து எடுத்த நீர் சற்றுச் சூடாகி, பெரும்பகுதி அதே ஆற்றுக்குத் திரும்பிவிடுகிறது. நுகர்வை மட்டும் பார்த்தால் 2010 முதல் 2019 வரையான சராசரி சுமார் 4.1 தான், அதிலும் பாதிக்கு மேல் விவசாயம். "பிரான்சில் தண்ணீரைக் குடிப்பது மின்சாரம்" என்பதும் "விவசாயம்" என்பதும் இரண்டுமே தரவிலிருந்து வரும். எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடல் நீரில் குளிர்விக்கும் நிலையங்கள், நம் கல்பாக்கம் போன்றவை, நன்னீர்க் கணக்கில் வராது.

இந்தியாவின் எடுப்பு 2010-க்கு 761 கன கிலோமீட்டர்: விவசாயம் 688, ஊர்க் குடிநீர் வழங்கல் 56, தொழில் 17. இதைத் தலைக்கணக்கு ஆக்கும்போது 2010-ன் மக்கள்தொகையால், அதாவது 124 கோடியால், வகுக்க வேண்டும். விடை 614 கன மீட்டர். இன்றைய 143 கோடியால் வகுத்தால் 532 என்று வந்து, சிக்கனம் கூடிவிட்டது போலப் பொய்த் தோற்றம் தரும். பிரான்சின் தலைக்கணக்கு எடுப்பு சுமார் 455. குளிர்விப்பை நீக்கினால் அதில் பாதி.

688 என்பது மீட்டர் வைத்து அளந்த எண் அல்ல. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம், பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு மீட்டரே இல்லை. கிணறுகளின் எண்ணிக்கையை ஒரு கிணற்றின் உத்தேச இறைப்பால் பெருக்கித்தான் கணிக்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. மேல் வயலில் கசிந்த தண்ணீரைக் கீழ் வயலின் போர் மறுபடி இறைத்தால் அது இரண்டு முறை எடுப்பாகும். காட்டுமன்னார்கோயில் பக்கம் வாய்க்கால் பாசனமும் போரும் சேர்ந்த வயல்களை நினைத்துப் பாருங்கள். எனவே இந்த எண்ணைத் தசமப் புள்ளியோடு எழுதாதீர்கள்.

குடிநீரிலும் இதே கவனம் வேண்டும். இந்தியாவின் 56-ஐத் தலைக்குப் பிரித்தால் நாளுக்கு 124 லிட்டர். பிரெஞ்சு வீட்டு நுகர்வு சுமார் 150 லிட்டர் என்று படித்து உடனே பக்கத்தில் வைத்துவிடத் தோன்றும். ஆனால் 150 வீட்டு மீட்டரில் ஓடியது. 124 மூலத்தில் எடுத்தது, குழாய்க் கசிவும் கடைகளும் அலுவலகங்களும் சேர்ந்தது. பிரான்சிலும் குழாய்களில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்து போகிறது.

நெருக்கடி விகிதம்

எடுப்பை மொத்த வளத்தால் வகுத்தால் இந்தியாவுக்கு 40 சதவீதம், பிரான்சுக்கு 14. ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்கு 6.4.2 இப்படிக் கணக்கிடுவதில்லை. ஆறு உயிரோடு இருக்கத் தேவையான ஓட்டத்தை வளத்திலிருந்து முதலில் கழித்துவிடுகிறது. 100-ல் 40-ஐ ஆற்றுக்கு விட்டால், அதே 40 எடுப்பு 67 சதவீதமாகிவிடும். இரண்டு முறையையும் கலந்து ஒரு நாட்டுக்கு ஒன்று, இன்னொன்றுக்கு ஒன்று என்று வைக்காதீர்கள். இந்தியாவுக்கு மூன்றாவது வகுத்தியும் உண்டு: மத்திய நீர் ஆணையம் பயன்படுத்தக்கூடியது என்று சொல்லும் 1,123 பிசிஎம். அதற்கு இணையான பிரெஞ்சு எண் கையில் இல்லாதவரை அதை ஒப்பீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

காலமும் இடமும்

ஆண்டுச் சராசரி மழை இந்தியாவில் சுமார் 1,083 மில்லிமீட்டர், பிரான்சில் 867. வெறும் மழையைப் பார்த்தால் நாம்தான் செழிப்பு. ஆனால் அங்கே மழை பன்னிரண்டு மாதமும் பரவிப் பெய்கிறது. இங்கே பெரும்பகுதி தென்மேற்குப் பருவத்தில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மாதவாரி மழையை ஒரு வரைபடமாகப் போட்டுக் காட்டுங்கள். அதோடு தேக்கும் திறனையும் சேருங்கள்: இந்திய அணைகளின் பயன்படு கொள்ளளவு சுமார் 258 பிசிஎம்.

பிரான்சின் சராசரியும் நிலையானதல்ல. அதன் புதுப்பிக்கத்தக்க வளம் 1990–2001-ல் ஆண்டுக்கு 229 ஆக இருந்தது, 2002–2018-ல் 197. பதினான்கு சதவீதம் சரிவு. 2022 கோடையில் 100-க்கும் மேற்பட்ட ஊர்களுக்கு லாரியில் குடிநீர் போனது.

தேசச் சராசரிக்குள் ஊர்கள் மறைந்துபோவதை ஒரு பத்தியிலாவது எழுதுங்கள். ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நிலத்தடி நீரில் இறைப்பின் பங்கு 2023-ல் நாடு முழுவதற்கும் 59 சதவீதம், பஞ்சாபில் 150-க்கு மேல். நெய்வேலியில் நிலக்கரி எடுக்க, அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இடைவிடாமல் இறைக்கிறார்கள். அது தாகத்துக்கோ பயிருக்கோ எடுத்ததல்ல, ஆனாலும் எடுப்புதான். புதுச்சேரிக் கடற்கரையோரம் போர் நீர் உவர்ப்பானால் அளவு குறையாமலே வளம் குறைகிறது. எந்த நாட்டு அட்டவணையிலும் அதற்குத் தனி வரி இல்லை.

வணிகத்தில் போகும் மறைநீரையும், அதாவது ஒரு பொருளை விளைவிக்கச் செலவான நீரையும், காட்ட விரும்பினால் தனிப் பத்தியில் வையுங்கள். உலகச் சராசரியில் ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 2,500 லிட்டர், கரும்புச் சர்க்கரைக்கு 1,800 லிட்டர் என்கிறார்கள். இதில் வயலில் நேரே விழுந்த மழையும் அடங்கும். அந்த மழை எடுப்புக் கணக்கில் வராது. ஆகவே ஏற்றுமதி அரிசியின் மறைநீரை 761-லிருந்து கழிக்கவும் கூடாது, அதனோடு கூட்டவும் கூடாது.