பெரிய டிவி வாங்கப் போகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

டிவி ஷோரூமில் நாம் பார்ப்பது டிவியை அல்ல, டெமோ வீடியோவை. தேன் ஒழுகும், கிளி பறக்கும், ஸ்ட்ராபெரி தண்ணீரில் விழும். எந்த டிவியிலும் அது அழகாகத்தான் இருக்கும். போதாததற்கு, கடை வெளிச்சத்தைத் தாண்டிக் கண்ணைப் பறிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ‘விவிட்’ மோடில் முறுக்கி வைத்திருப்பார்கள். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு நம் ஹாலில் படம் பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதனால் இந்தச் செய்முறையில் ஷோரூம் நாலாவது படியில்தான் வரும்.

படம் பார்க்க வேண்டும், பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ வைத்து விளையாடவும் வேண்டும், 55 அங்குலமோ அதற்கு மேலோ முதல்முறையாக வாங்குகிறேன் என்பவர்களுக்காக இது. நான் இருப்பது பெங்களூரு அல்சூரில். என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் பிடிஎம், எச்எஸ்ஆர், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வாடகைக்கு இருக்கும் நம்மாட்கள். உதாரணங்களும் பெங்களூரு வாடகை வீட்டுக் கணக்கிலேயே இருக்கும்.

படி 1: கண்ணிலிருந்து சுவர் வரை அளங்கள்

சோபாவின் முன் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள். சாய்ந்து உட்கார்ந்தால் கண் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து அளங்கள். இரண்டுக்கும் ஒன்றரை அடி வரை வித்தியாசம் வரும்.

டிவியின் அங்குல அளவு என்பது மூலைக்கு மூலை. அதை 1.2 ஆல் பெருக்கினால் தியேட்டரில் நடு வரிசையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் தூரம். 1.6 ஆல் பெருக்கினால் கொஞ்சம் தள்ளி, நிம்மதியாகப் பார்க்கும் தூரம். 55 அங்குலத்துக்கு இது சுமார் 5.5 முதல் 7.3 அடி. 65க்கு 6.5 முதல் 8.7. 75க்கு 7.5 முதல் 10 அடி. பத்தடி அகல ஹாலில் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் கண்ணுக்கும் திரைக்கும் எட்டடிக்குச் சற்று மேல் வரும். அங்கே 65 சரியாக உட்காரும், 75ம் அதிகமில்லை. 55 வாங்கினால் ஆறு மாதத்தில் சின்னதாகத் தெரியும்.

படப் பிரியர்களுக்கு இன்னொரு கணக்கு. சினிமாஸ்கோப் படங்களின் அகல உயர விகிதம் 2.39க்கு 1. டிவி 16க்கு 9. அந்தப் படம் ஓடும்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, திரை உயரத்தில் கால்வாசி போய்விடும். இரண்டு அளவுகளுக்கு நடுவே தடுமாறினால் பெரியதற்குப் போங்கள். ஒரே விதிவிலக்கு, வீட்டில் அம்மா கேபிளில் எஸ்டி சேனலில் சீரியல் பார்ப்பவராக இருந்தால். திரை பெரிதாகப் பெரிதாக அந்தப் படம் இன்னும் மங்கலாகத் தெரியும். செட்டாப் பாக்ஸை எச்டிக்கு மாற்றும் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பழைய பேப்பரை எடுங்கள். 65 அங்குல டிவி சுமார் 144 செ.மீ. அகலம், 81 செ.மீ. உயரம். 75 என்றால் 166க்கு 93. அந்த அளவுக்குத் தாள்களை ஒட்டி மாஸ்கிங் டேப்பால் சுவரில் மாட்டுங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். சுவிட்ச்போர்டு மறைகிறதா, பூஜை அலமாரிக் கதவு இடிக்கிறதா, பால்கனிக் கதவு வெளிச்சம் நேராக அதன்மேல் விழுகிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். திரையின் நடுப்பகுதி உட்கார்ந்த கண் மட்டத்தில், தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் டிவியைக் கடிகாரம் மாட்டுகிற உயரத்தில் மாட்டும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ! ஒரு படம் முடிவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

அப்படியே லிஃப்ட்டையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள். பெட்டி டிவியைவிட நாலா பக்கமும் பெரிது, அதைப் படுக்க வைத்துத் தூக்கவும் கூடாது.

படி 2: பேனல், இதில்தான் பணம் இருக்கிறது

‘எல்இடி டிவி’ என்று விற்பதெல்லாம் எல்சிடி டிவிதான். பின்னால் எல்இடி விளக்கு எரிகிறது, முன்னால் எல்சிடி அந்த வெளிச்சத்தைத் திறந்து மூடுகிறது. முழுக்க மூட அதால் முடியாது. இரவுக் காட்சியில் கறுப்புக்குப் பதில் சாம்பல் தெரிவது அதனால்தான்.

‘கியூஎல்இடி’ என்பதும் இதே எல்சிடிதான், குவாண்டம் டாட் என்ற ஒரு படலம் கூடுதல். நிறம் செழிப்பாகும், கறுப்பு கறுப்பாகாது. ஓஎல்இடியும் கியூஎல்இடியும் ஓர் எழுத்து வித்தியாசம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய.

கறுப்பைத் தீர்மானிப்பது வேறு இரண்டு விஷயம். ஒன்று, எல்சிடியின் வகை. ‘விஏ’ பேனலில் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், பொதுவாக 3000க்கு 1க்கு மேல், ‘ஐபிஎஸ்’ பேனலில் 1000க்கு 1 அளவில்தான். ஐபிஎஸ்ஸில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது என்பது உண்மை. ஆனால் நேராக உட்கார்ந்து இருட்டில் படம் பார்ப்பவருக்கு விஏதான். இரண்டாவது, பின்விளக்கு எப்படி அமைந்திருக்கிறது என்பது. ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்தது மலிவு. திரை முழுக்க விளக்கைப் பரப்பி, பகுதி பகுதியாக மங்கச் செய்வது ‘லோக்கல் டிம்மிங்’. விளக்குகளை மிகச் சிறியதாக்கி அந்தப் பகுதிகளை நூற்றுக்கணக்கில் கூட்டியது ‘மினி எல்இடி’.

மினி எல்இடியின் குறையைப் பார்க்க எளிய வழி சப்டைட்டில். இருட்டான காட்சியில் வெள்ளை எழுத்து வரும்போது அதைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு வெளிச்சம் கசிந்தால் பகுதிகள் போதவில்லை என்று அர்த்தம்.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு என்றால் கறுப்பு. இருட்டறை, படம், கேம் இந்த மூன்றும் சேர்ந்தால் இதற்கு ஈடில்லை. ஆனால் ஒரே உருவம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் நாளடைவில் அதன் தடம் திரையில் பதியலாம். இதை ‘பர்ன் இன்’ என்பார்கள். விதவிதமாகப் படமும் கேமும் ஓடும் வீட்டில் நான் இதற்குப் பயப்பட மாட்டேன். காலை ஆறு மணியிலிருந்து செய்திச் சேனல் ஓடி, கீழே சிவப்புப் பட்டை நகராமல் நிற்கும் வீடு என்றால், ஓஎல்இடி வேண்டாம். மினி எல்இடி வாங்குங்கள். பகல் வெளிச்சம் கொட்டும் ஹாலுக்கும் அதே பதில்தான்.

எச்டிஆர் பற்றிச் சுருக்கமாக. மிகப் பிரகாசமான இடத்தையும் மிக இருட்டான இடத்தையும் ஒரே காட்சியில் விவரம் போகாமல் காட்டும் முறை அது. பெட்டியில் ‘எச்டிஆர்10’ என்று போட்டிருந்தால் அந்த சிக்னலை டிவி வாங்கிக்கொள்ளும் என்பது மட்டுமே பொருள். அதைக் காட்டும் வெளிச்சம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவை வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். 300 நிட்ஸ் டிவியில் அது வெறும் பெயர். டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகை சாம்சங் டிவிகளில் கிடையாது, அவர்கள் எச்டிஆர்10 பிளஸ் என்ற வகையின் பக்கம். பிளேஸ்டேஷன் 5 கேம்களுக்கு டால்பி விஷன் தருவதில்லை, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் தருகிறது. கன்சோலைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஓடிடி விஷயம் ஒன்று. நெட்ஃபிளிக்ஸில் 4கே வேண்டுமானால் பிரீமியம் திட்டம் வேண்டும், இணைய வேகம் 15 எம்பிபிஎஸ் இருக்க வேண்டும். மொபைல் திட்டத்தை வைத்துக்கொண்டு 4கே டிவி வாங்குவதில் அர்த்தமில்லை.

படி 3: முதுகைப் பாருங்கள்

கேம் விளையாடுபவருக்கு டிவியின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முக்கியம்.

ஷோரூமில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“ப்ரோ, இது 240 ஹெர்ட்ஸ். கேமிங்குக்குன்னே வந்தது.”

“அது மோஷன் ரேட்டுங்க. பேனல் நேட்டிவ்வா எவ்ளோ?”

“அது… ஒரு நிமிஷம் ப்ரோ, கேட்டுச் சொல்றேன்.”

‘மோஷன் ரேட்’ போன்ற பெயர்களில் வரும் பெரிய எண்கள் விளம்பரத்துக்காக. கேட்க வேண்டியது நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது பேனல் நொடிக்கு உண்மையில் எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது, அதுவும் 4கேயில். அந்தக் கணக்குதான் ஹெர்ட்ஸ். சில 60 ஹெர்ட்ஸ் டிவிகளில் ‘டிஎல்ஜி’ என்றொரு தந்திரம் செய்து 120 என்று போடுவார்கள். இரண்டிரண்டு வரிகளுக்கு ஒரே சிக்னல் கொடுத்து வேகத்தை இரட்டிப்பாக்குவது அது, செங்குத்துத் துல்லியம் பாதியாகிவிடும். ஒரே வரிசை மாடலில் சிறிய அளவுக்கு 60, பெரிய அளவுக்கு 120 என்று கொடுப்பதும் உண்டு. நண்பர் வாங்கிய மாடல் பெயரை மட்டும் சொல்லி வேறு அளவை வாங்காதீர்கள்.

120 ஹெர்ட்ஸ் படத்துக்கும் உதவும். படங்கள் நொடிக்கு 24 ஃபிரேம். 120ஐ 24ஆல் மீதியில்லாமல் வகுக்கலாம், 60ஐ முடியாது. 60இல் ஒரு ஃபிரேம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று காட்டிச் சமாளிப்பதால், கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் சின்ன வெட்டு தெரியும்.

அடுத்து எச்டிஎம்ஐ, கன்சோலை டிவியோடு இணைக்கும் போர்ட். 4கேயை நொடிக்கு 120 ஃபிரேம் அனுப்ப எச்டிஎம்ஐ 2.1 வசதி வேண்டும். அது அதிகபட்சம் 48 ஜிபிபிஎஸ், பழைய 2.0 வெறும் 18. ஆனால் ‘2.1’ என்று அச்சடித்திருந்தால் எல்லா வசதியும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். விதிப்படி அவை விருப்ப வசதிகள்தான். தனித்தனியாகக் கேளுங்கள்: 4கே 120 இருக்கிறதா, விஆர்ஆர் இருக்கிறதா, ஏஎல்எல்எம் இருக்கிறதா? விஆர்ஆர் என்பது கேம் வேகம் ஏறி இறங்கும்போது திரையும் கூடவே ஏறி இறங்குவது. பிளேஸ்டேஷன் 5இல் அது 48 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள் வேலை செய்வதால், 60 ஹெர்ட்ஸ் டிவி வாங்கினால் மறந்துவிடலாம். ஏஎல்எல்எம் என்பது கன்சோலை ஆன் செய்ததும் டிவி தானாக கேம் மோடுக்குப் போவது.

போனில் டார்ச் போட்டு டிவியின் பின்னால் எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நாலு போர்ட் இருக்கும், அதில் இரண்டின் பக்கத்தில் மட்டும் ‘4கே 120’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பல டிவிகளில் அந்த இரண்டில் ஒன்றே, சவுண்ட்பாருக்கு ஒலி அனுப்பும் ‘இஆர்க்’ போர்ட்டாகவும் இருக்கும். சவுண்ட்பார் அதைப் பிடித்துக்கொண்டால் கன்சோலுக்கு மிச்சம் ஒன்றுதான். இரண்டு கன்சோல் வைத்திருப்பவர்கள் இதைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

பட்ஜெட் இடித்தால்? பிளேஸ்டேஷன் கேம்களில் பெரும்பாலானவை இன்னும் 30லோ 60லோதான் ஓடுகின்றன. கதை கேம் விளையாடிக்கொண்டு படம் அதிகம் பார்ப்பவர் என்றால், சுமாரான பேனலில் 120ஐவிட நல்ல கறுப்புள்ள 60 ஹெர்ட்ஸ் டிவியே சிறந்தது. போட்டி போட்டுச் சுடுகிறவர், கார் ரேஸ் ஓட்டுகிறவர் என்றால் 120ஐ விடாதீர்கள்.

படி 4: இப்போது கடைக்குப் போங்கள்

கையில் இரண்டு மாடல் எண் இருக்கட்டும், முழு எண், கடைசி எழுத்து வரை. ஆர்டிங்ஸ் போன்ற தளங்கள் கருவி வைத்து அளந்து எழுதுகின்றன. ஆனால் பெரும்பாலும் அமெரிக்க மாடல்கள், இந்தியாவில் அதே பெயரில் வேறு பேனல் வரலாம்.

பெங்களூரு ஷோரூம்களில் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பையன்கள் இருப்பார்கள், தயங்காமல் தமிழிலேயே கேளுங்கள். விவிட் மோடை மாற்றி ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம் மேக்கர்’ வைக்கச் சொல்லுங்கள். பிறகு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இரவுக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தாலும் கடைக்குப் போய் ரிமோட்டைக் கையில் பிடித்து மெனுவை நகர்த்திப் பாருங்கள். இழுத்து இழுத்து நகர்ந்தால் வாங்க வேண்டாம்.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. அதற்கு முந்தைய வீடியோக்களில் சொல்லும் விலையை வைத்துப் பேரம் பேசாதீர்கள். ஆயுத பூஜை முதல் தீபாவளி வரை தள்ளுபடி அதிகம்.

படி 5: சுவரும் கரண்டும்

ஓட்டை போடுமுன் ஹவுஸ் ஓனரிடம் வாட்ஸப்பில் சம்மதம் வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. காலி பண்ணும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையை எப்படியும் பிடிக்கத்தான் போகிறார்கள், அது வேறு விஷயம். ஜிப்சம் தடுப்புச் சுவரில் பெரிய டிவியை மாட்டாதீர்கள். ஸ்டாண்டில் வைப்பதானால் கால்களுக்கு இடையிலான அகலத்தைப் பாருங்கள், பல மாடல்களில் அவை இரு ஓரத்திலும் இருக்கும், நம் டிவி யூனிட்டுக்கு வெளியே தொங்கும்.

ஏப்ரல், மே இடி மழையில் பெஸ்காம் கரண்ட் போய்ப் போய் வரும். ஜெனரேட்டர் உள்ள அப்பார்ட்மென்டிலும் மாறுவதற்குச் சில நொடி ஆகும், கேம் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது அந்தச் சில நொடி போதும். டிவிக்கும் கன்சோலுக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் வையுங்கள். இடி இடித்தால் பிளக்கையே பிடுங்குங்கள்.

படி 6: மாட்டிய அன்றே

பெட்டி திறப்பதை வீடியோ எடுங்கள். முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றை யூடியூபில் போட்டு, அழுக்குப் படிந்த மாதிரி திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

படத்துக்கு ஃபிலிம் மேக்கர் மோட், மோஷன் ஸ்மூத்திங் (இடையில் ஃபிரேம்களைச் செருகி அசைவை வழுவழுப்பாக்கும் வசதி) ஆஃப். அதை விட்டுவைத்தால் கோடி ரூபாய்ப் படமும் சீரியல் மாதிரித் தெரியும். கன்சோலுக்கு கேம் மோட். அது இல்லாவிட்டால் பட்டனை அழுத்தியதற்கும் ஆள் குதிப்பதற்கும் இடையே கண்ணுக்குத் தெரிகிற தாமதம் இருக்கும்.

பிளேஸ்டேஷன் 5 பெட்டியிலேயே சரியான கேபிள் வரும், அதையே பயன்படுத்துங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் தனியாக வாங்கினால் ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ என்ற முத்திரையும் ஸ்கேன் செய்யும் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். டிவி அமைப்பில் அந்த போர்ட்டுக்கு ‘என்ஹான்ஸ்டு’ என்றோ வேறு பெயரிலோ உள்ள முழு வேக வசதியை ஆன் செய்யுங்கள். பிறகு பிளேஸ்டேஷன் செட்டிங்ஸில் வீடியோ அவுட்புட் தகவல் பக்கத்தைத் திறந்து, இணைத்த டிவி 2160பி (அதாவது 4கே), 120 ஹெர்ட்ஸ் தாங்கும் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டவில்லையென்றால் கேபிள் தவறான போர்ட்டில் இருக்கும், இல்லையேல் முழு வேக வசதி ஆன் ஆகியிருக்காது. இவை இரண்டையும் சரிபார்த்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுங்கள்.