அம்பாசடர் பின் ஸ்பிரிங்: போல்ட்டை எப்போது முறுக்குவது?

2014-இல் தயாரிப்பு நின்றுபோன அம்பாசடரில் பின் ஆக்ஸிலைத் தாங்குவது இரண்டு லீஃப் ஸ்பிரிங் செட்தான், அதாவது வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு. பின்பக்கம் தொய்ந்துவிட்டதென்று உடனே கூடுதல் பட்டை சேர்க்காதீர்கள். வண்டி நிமிரும், ஆனால் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் தெரியும். பட்டைகள் நன்றாக இருந்தால் அவற்றுக்கு மறுபடி வளைவு ஏற்றி, ஸ்பிரிங் முனைகளில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ்களை மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

வண்டி ஜாக்கியில் தொங்கும்போது புஷ் போல்ட்டுகளை முழுதாக முறுக்கக் கூடாது. கீழே இறக்கி, சக்கரத்தில் எடை விழுந்த பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எந்நேரமும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். (பல பட்டறைகளில் இதற்குப் பொறுமை கிடையாது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.) ஸ்பிரிங்கையும் ஆக்ஸிலையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டைப் புதிதாகவே போடுங்கள். அப்புறம் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கம் பாருங்கள்.