பெயின்ற் அடித்த தகட்டு எழுத்துகள் கழண்டபோது செய்த திருத்தம்

பெயர்ப்பலகையில் ஒட்டிய மேல் எழுத்துகள் ஒரு சோளகக் காற்றோடு கழண்டன. பின்பக்கம் பார்த்தால் பசை அப்படியே இருந்தது. அதோடு பெயின்ற்தான் உரிந்து வந்திருந்தது. பசை பெயின்ற்றைப் பிடித்தது, பெயின்ற் தகட்டை விட்டுவிட்டது.

இப்ப, பெயின்ற் அடிக்க முன்னமே எழுத்தின் பின்னால் எம்4 (4 மி.மீ. தடிப்பு, புரி போட்ட) ஆணிகளை வெல்ட் பண்ணி, முன்பக்கத்தை அரைத்து மட்டமாக்குகிறேன். அடித்தகட்டுத் துளை 5 மி.மீ. 1 மீற்றர் இரும்பு 40 பாகை சூடேறினால் அரை மி.மீ. நீளும், அதற்குத்தான் அந்த இடைவெளி. துளையும் பெயின்ற்றுக்கு முன்தான். பிறகு துளைத்தால் வெட்டுவிளிம்பில் உப்புக்காற்று பட்டுத் துரு தொடங்கும். எழுத்துக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில், ஆணியில் கோர்த்து, 5 மி.மீ. நீள நைலோன் குழாய்த்துண்டு வைத்தால் தண்ணீர் தேங்காது.

எனாமல் கையில் ஒட்டாவிட்டாலும் உள்ளே காய்ந்திராது. ஒரு கிழமை விட்டுப் பூட்டுங்கள். நட்டை கையால் இறுக்கி, மேலே கால் சுற்று போதும். கூடினால் வாஷரடியில் பெயின்ற் வெடிக்கும்.

வெல்ட் பண்ண முடியாத இடத்தில், ஒட்டுமிடத்தை மட்டும் 120ஆம் இலக்க அரத்தாளால் வெறுந்தகடு வரை சுரண்டி, தின்னரால் துடைத்து எப்பொக்சிப் பசையால் ஒட்டுங்கள். வினாகிரி மணக்கும் சிலிக்கன் வேண்டாம், அந்த அமிலம் தகட்டின் நாகப்பூச்சை (துத்தநாகப் பூச்சை) அரிக்கும்.