கம்பு டப்பாவுல வந்த அந்துப்பூச்சிய ஒழிச்ச கதை (என் அனுபவம்)

ரெண்டு மாசமா ராத்திரி லைட் போட்டா கிச்சன் சுவத்துல சாம்பல் கலர்ல சின்னச் சின்ன பூச்சியா ஒக்காந்திருக்கும், நானும் துடைப்பத்தால அடிச்சு அடிச்சு ஓஞ்சேன். அடிச்சதெல்லாம் வேஸ்ட்டுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. பறக்குறது ஒரு வாரம் போல தான் உயிரோட இருக்கும், எதையும் திங்காது, ஆனா அதுக்குள்ள நூறு முட்டைக்கு மேல போட்டுடும்! நாலஞ்சு நாள்ல பொரிஞ்சு வர்ற புழு தான் வில்லன், ஒரு மாசம் போல நூல் விட்டு தானியத்தை கட்டி கட்டியா ஒட்டி உள்ளயே தின்னுட்டு அங்கயே கூடு கட்டிக்கும்.

ஒவ்வொரு டப்பாவா கொட்டிப் பாத்தா பழைய கம்பு ஒரே நூலாம்படை, பக்கத்துல ரவை பாக்கெட்லயும் கொஞ்சம். ரெண்டையும் கவர்ல கட்டி அன்னைக்கே வெளிய போட்டேன். அலமாரி இடுக்கு, டப்பா மூடி மரை எல்லாம் பழைய பிரஷ் வச்சு சுரண்டினேன், கூடு அங்கயும் இருந்துச்சு. நல்லா இருந்த அரிசிய வெயில்ல காய வச்சு சலிச்சேன், மாவையும் புதுசா வாங்குற ரவையையும் ஒரு வாரம் ஃப்ரீசர்ல வச்சு தான் இப்ப டப்பாவுல போடுறேன்.

இதே பூச்சிய வேணும்னே கம்புல வளத்து, அதோட முட்டைய அட்டைல ஒட்டி, அதுல டிரைக்கோகிரம்மாங்கிற குட்டிக் குளவிய வளத்து தான் (கரும்பைத் துளைக்கிற பூச்சியோட முட்டைய அழிக்கிறது அது) கரும்புக்குக் கட்டுற டிரைக்கோகிரம்மா அட்டையே தயாரிக்கிறாங்க. நான் ஃப்ரீயாவே பண்ணை வச்சிருந்திருக்கேன் போல!

ஒன்றரை மாசம் ஆச்சு, சுவத்துல ஒண்ணு கூட காணோம்.