கலிபோர்னியாவுல கரண்ட் வேலை பண்ணப்போற நம்மூரு தம்பிகளுக்கு: அடுத்தவர் லைசன்ஸ் நம்பர்ல வேலை எடுக்காதீங்க

பட்டிப்பொங்கலுக்கு ஊருக்கு வந்து பத்து நாளாச்சுங்க. ஊத்துக்குளிப் பக்கம் எங்க ஊடு. வந்த நாள்ல இருந்து மூணு தம்பிங்க வந்து கேட்டுட்டாங்க, "அண்ணா, க்ரீன் கார்டு வந்துருச்சு, கலிபோர்னியா போறேன், அங்க போயி வயரிங் காண்ட்ராக்ட் எடுக்கலாமுங்களா"ன்னு. மூணு பேர்த்துகிட்டயும் சொன்னதத்தான் இங்க எழுதிப்போடறேன், இன்னும் நாலு பேர்த்துக்கு ஆகட்டும். நானும் சோமனூர் தறிக்குடோன்லயும் திருப்பூர் பனியன் கம்பெனிலயும் பைப் அடிச்சு ஒயர் இழுத்து வளந்த ஆளுதான், 2018ல அங்க போனேன்.

மொதல்ல ஒன்னு. எச்1பி விசாவுல போயிட்டு சனி ஞாயிறு வயரிங் பாக்கலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, அந்த விசா உங்க கம்பெனி வேலைக்கு மட்டும்தான். நான் இங்க எழுதறது, க்ரீன் கார்டு மாதிரி சொந்தமா தொழில் பண்ண அனுமதி இருக்கறவங்களுக்கு.

கவர்மெண்ட் சமாச்சாரத்த வெரசா சொல்லிடறேன். கலிபோர்னியாவுல காண்ட்ராக்டர் லைசன்சுக்குன்னே ஒரு போர்டு இருக்குது, சிஎஸ்எல்பிம்பாங்க, 1929ல ஆரம்பிச்சது. வீடு கட்டறதுக்கு பி, கரண்ட் வேலைக்கு சி-10, இப்படி ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கிளாஸ். 18 வயசு ஆகியிருக்கோணும், சோசியல் செக்யூரிட்டி நம்பரோ ஐடின் நம்பரோ (அது இல்லாதவங்களுக்கு வரி கட்டக் குடுக்கற நம்பர்) வேணும், கடைசி 10 வருசத்துக்குள்ள 4 வருசம் தொழில் முழுசா தெரிஞ்ச ஆளா வேலை பாத்திருக்கோணும், ஏணி புடிச்ச ஹெல்பர் வருசமெல்லாம் அதுல சேராது. அப்ளிகேசனுக்கு 450 டாலர், பரீட்சை ரெண்டு (ஒன்னு சட்டமும் பிசினசும், இன்னொன்னு நம்ம தொழில்), கைரேகை, பாண்டு, தனி ஆளா எடுத்தா லைசன்ஸ் பீசு 200 டாலர், 2 வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கோணும், அவ்ளோதான்.

பாண்டுன்னதும் பயந்துக்காதீங்க. நான் எடுத்தப்ப 15,000 டாலர், 2023 ஜனவரில இருந்து 25,000 ஆக்கிட்டாங்க. அந்த 15,000த்த போன்ல சொன்னப்ப எங்கப்பா கெணத்துமேட்டு ஒரு ஏக்கராவ வித்து அனுப்பறேன்னுட்டாரு, ராத்திரி பூராம் தூங்கவே இல்லியாம் மனுசன். அது நாம டெபாசிட் கட்டற பணமில்லீங்க. ஒரு கம்பெனி நமக்காக ஜாமீன் நிக்கும், அதுக்கு வருசத்துக்கு ஒரு பிரீமியம் கட்டறோம், அது முழுத்தொகைல ஒரு சின்னப் பங்குதான். கிரெடிட் ஸ்கோர் இல்லாத புது ஆளுக்கு கொஞ்சம் எச்சா கேப்பாங்க, அதனால அங்க போன மொத மாசமே ஒரு கிரெடிட் கார்டு வாங்கி ஒழுங்கா கட்டிட்டு வாங்க. தோட்டத்த விக்கற பேச்சே வேண்டாம்.

வேற ஸ்டேட்டுக்குப் போறவங்க இதையே நம்பிட்டுப் போகாதீங்க. டெக்சாஸ்ல எலக்ட்ரீசியனுக்கு ஸ்டேட் லைசன்ஸ் உண்டு, வீடு கட்டற ஜெனரல் காண்ட்ராக்டருக்கு ஸ்டேட் லைசன்சே கெடையாது, நியூயார்க்ல கரண்ட் லைசன்ஸ் அந்தந்த ஊரு குடுக்கறது.

அப்புறம் தொழில் நமக்குத் தெரியும்ங்கற நெனப்ப கொஞ்சம் அடக்கி வெக்கோணும். நம்மூர்ல கறுப்பு ஒயர்னா நியூட்ரல், அங்க கறுப்புதான் கரண்ட் வர்ற ஒயரு, வெள்ளைதான் நியூட்ரல். பதினஞ்சு வருசமா கையில ஊறுன பழக்கம், போன புதுசுல ஒரு ஸ்விட்ச் பாக்ஸ தொறந்து கறுப்ப அசால்ட்டா புடிக்கப் போனேன், கூட இருந்த மெக்சிகோக்காரர் கையத் தட்டிவுட்டாரு, அவரு இல்லீன்னா இத எழுத நான் இருந்திருக்க மாட்டேன். 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் போயி வீட்டுக்குள்ள 120ம் 240ம் 60 ஹெர்ட்ஸ்ல வரும், ஒயர் சைசு ஸ்கொயர் எம்எம்ல இல்ல கேஜ் கணக்கு, நம்பர் கொறையக் கொறைய ஒயர் தடிமன் ஆகும், 15 ஆம்பியருக்கு 14, 20 ஆம்பியருக்கு 12. செவுத்த வெட்டிப் பைப் பொதைக்கற வேலையே இல்ல, எல்லாம் மரச்சட்டம், ஓட்டை போட்டு கேபிள நொழச்சு ஆணி அடிச்சு மேல பலகை மூடிருவாங்க. பரீட்சைல இதெல்லாம்தான் கேப்பாங்க.

இப்ப எனக்கு நடந்ததுக்கு வர்றேன்.

நம்மூர்ல எப்பிடின்னு உங்களுக்கே தெரியும். வேலை பூராம் நாம பாப்போம், ஈபி சர்வீசுக்கு எழுதறப்ப ரிப்போர்ட்ல லைசன்ஸ்காரர் கையெழுத்தும் சீலும் வேணும், ஒரு தொகை குடுத்து வாங்கிக்குவோம், அவரு அந்த ஊட்டுப்பக்கமே வந்திருக்க மாட்டாரு. இது தப்புன்னே நமக்குத் தோணாது, பழகிப்போச்சு. அதே புத்தியோடதான் நான் அங்க போனேன். 2019ல ஒரு சி-10 லைசன்ஸ்காரர், நம்ம நாட்டுக்காரருதான், "என் நம்பரப் போட்டு வேலை எடுத்துக்க, ஒரு வேலைக்கு 800 டாலர் குடு, பெர்மிட்ட நான் வாங்கித்தர்றேன்"னாரு. பெர்மிட்டுன்னா அந்த வேலைய செய்ய அந்த ஊரு ஆபீஸ் குடுக்கற அனுமதி. எனக்கு சாமி வரங்குடுத்த மாதிரி இருந்துச்சு. ஈரோட்டுக்காரர் ஒருத்தர் ஊட்டுல 200 ஆம்ப் பேனல் (மெயின் போர்டு) மாத்தி ஊடு பூராம் ரீவயரிங், பேசுன தொகை 31,000 டாலர். ஊர்ல மாதிரியே அட்வான்ஸ் 8,000 வாங்குனேன், வேலை நடக்க நடக்க மொத்தம் 19,000 வந்துருச்சு. கடைசில சமையக்கட்டு லைட்டு வெச்ச எடம் புடிக்கலீன்னு ஆரம்பிச்ச பேச்சு, பாக்கி 12,000 தரமாட்டேன்னுட்டாரு.

சரி, சட்டப்படி கேப்போம்னு வக்கீல்கிட்ட போனேன். அவரு கேட்ட மொத கேள்வி, "லைசன்ஸ் உன் பேர்லயா?" இல்லீன்னதும் பைல மூடி வெச்சுட்டாரு. பாக்கிய கேட்டு ஒரு லெட்டர் கூட போடாதேன்னாரு. அங்க பிசினஸ் சட்டத்துல 7031ன்னு ஒரு பிரிவு இருக்குதுங்க. லைசன்ஸ் இல்லாம வேலை செஞ்சவன் கூலி கேட்டு கோர்ட்டுக்கே போக முடியாது. அது மட்டுமில்ல, அதுவரைக்கும் ஊட்டுக்காரர் குடுத்த மொத்தப் பணத்தையும் திருப்பிக் கேட்டு அவரு நம்ம மேல கேஸ் போடலாம். ஒயர் வாங்குனேன், பேனல் வாங்குனேன், வேலை சுத்தமா முடிச்சேன்னு சொன்னாலும் கழிக்க மாட்டாங்க. உனக்கு லைசன்ஸ் இல்லீன்னு அவருக்கு மொதல்லயே தெரியும்னாலும் செல்லாது. அந்த 19,000த்துல 7,000 சாமானுக்கே போச்சு, என் முதுகு ஒடைஞ்ச ரெண்டு மாச வேலை அதுல இருக்குது.

நம்பர் குடுத்தவர் போன் எடுக்கவே இல்ல. ஊட்டுக்காரர் நெட்ல லைசன்ஸ் நம்பரப் போட்டுப் பாத்திருக்காரு, யார் வேணாலும் பாக்கலாம், எம்பேரு எங்கயுமே இல்ல. 19,000மும் குடுன்னாரு. இதுல லைசன்ஸ் இல்லாம காண்ட்ராக்ட் எடுக்கறதே அங்க கிரிமினல் குத்தம், மொதத் தடவைக்கே 6 மாசம் வரைக்கும் ஜெயில், 5,000 டாலர் வரைக்கும் அபராதம். ஊட்டு ரிப்பேர் காண்ட்ராக்டுல அட்வான்ஸ் 10 சதவீதம் இல்லீன்னா 1,000 டாலர், எது கம்மியோ அதுக்கு மேல லைசன்ஸ் இருக்கறவனே வாங்கக்கூடாது, நான் 8,000 வாங்கி வெச்சிருந்தேன். கடைசில நடுவுல நாலு பேரு பேசி 9,000 டாலர் திருப்பிக் குடுக்கறதா முடிஞ்சுது. மாசம் 500, பதினெட்டு மாசம் கட்டுனேன். ஊட்டுல அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஒரே ஊர்ப்பேச்சு பேசி, எங்கூட ஒக்காந்து சாப்புட்ட அந்த ஈரோட்டுக்காரர் அப்பிடிப் பண்ணுனது இன்னும் எனக்கு ஆறல, ஆனா அவருக்கு அந்த வழிய தொறந்துவுட்டது நானுதான்.

அதனால யாராச்சும் "நம்பர் தர்றேன், கமிசன் குடு"ன்னா வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருங்க. லைசன்ஸ்காரர வெச்சு முறையா கம்பெனி ஆரம்பிக்கற வழி இருக்குது, ஆனா அவரு நெசமாவே வேலைய மேற்பார்வை பாக்கோணும், சம்பள ஆளா காட்டுனா வாரத்துக்கு 32 மணி நேரமோ இல்ல கம்பெனி நடக்கற நேரத்துல 80 சதவீதமோ அங்க இருக்கோணும். பேருக்குப் போட்டு வெச்சா ரெண்டு பேருமே மாட்டுவீங்க.

லைசன்ஸ் இல்லாம சின்ன வேலை செய்யலாமான்னா, 2025ல இருந்து மொத்தம் 1,000 டாலருக்குக் கீழ, அதுவும் பெர்மிட் தேவைப்படாத வேலை, கூட ஆள் வெக்காம தனியா செஞ்சா சரி. சாமான் விலையும் அந்த 1,000த்துக்குள்ள. பெரிய வேலைய நாலு பில்லா பிரிக்கறதெல்லாம் செல்லாது, மச்சானக் கூட்டிட்டுப் போயி சம்பளம் குடுத்தாலும் போச்சு. அதவிட லைசன்ஸ் இருக்கற சி-10 கம்பெனில ட்ரெய்னியா பதிவு பண்ணி வேலைக்குப் போங்க, 8,000 மணி நேரமும் பரீட்சையும் முடிச்சா ஜெனரல் எலக்ட்ரீசியன் சர்ட்டிபிகேட். மேஸ்திரியா இருந்துட்டு இன்னொருத்தர்கிட்ட கை கட்டி நிக்கறது மனசுக்கு கஷ்டந்தான், நானும் ரெண்டு வருசம் நின்னேன்.

கெளம்பறதுக்கு முன்னாடி இங்கயே செய்ய வேண்டியது ஒன்னு இருக்குது. அந்த 4 வருசத்துக்கு, நாம வேலை செஞ்சத நேர்ல பாத்தவர் பாரத்துல கையெழுத்துப் போடோணும், போர்டு விசாரிச்சாலும் பதில் சொல்லோணும், சம்பளச் சீட்டு, பில்லு கேட்டாலும் கேப்பாங்க. நம்மகிட்ட ஏதுங்க சீட்டு, சனிக்கெழமை சாயங்காலம் கையில குடுக்கற கூலிதான். 2021ல நான் அப்ளை பண்ணுனப்ப சோமனூர் தறிக்குடோன் ஐயாதான் கையெழுத்துப் போட்டாரு. எந்த மாசத்துல இருந்து எந்த மாசம், எத்தன குடோனு, மோட்டாரு, பேனல் போர்டு என்னென்ன நான் கைப்பட செஞ்சேன், எல்லாம் அவரு பழைய கணக்கு நோட்டுல இருந்துச்சு, பேரன வெச்சு பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அனுப்புனாரு. போன வருசம் அவரு தவறிட்டாரு. இந்தத் தடவ பொங்கலுக்கு வந்ததும் மொதல்ல அந்த ஊட்டுக்குத்தான் போனேன், நோட்டு இன்னும் அந்த மேசை டிராயர்லயேதான் இருக்குது.