எச்ஐவியோடு ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் செய்யும் தவறுகள்

எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004இல். அப்போது நாமக்கல், திருச்செங்கோடு, ஈரோடு பக்கம் மாத்திரை தொடங்கிய லாரி டிரைவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் இன்றைக்குப் பேரன் பேத்தி பார்த்துவிட்டார்கள். அதைவிடச் சந்தோஷம் வேறென்னங்க. ஆனால் இப்போது இவர்களுக்கு ஆபத்து மாரடைப்பு, சர்க்கரை, சிறுநீரகம், எலும்புத் தேய்மானம் என்று வேறு வழிகளில் வருகிறது.

"வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) ஒன்றுமில்லைன்னு ரிப்போர்ட் வந்துருச்சு, இனி என்ன கவலை" என்று இருந்துவிடுவதுதான் முதல் தவறு. வைரஸ் ரத்தத்தில் தென்படாவிட்டாலும் சில செல்களுக்குள் ஒளிந்தே இருக்கும். அதுபோக, தொற்றின் ஆரம்பத்திலேயே குடலின் உட்சுவர் சேதப்பட்டிருக்கும், மாத்திரை போட்டாலும் அது முழுதாகச் சரியாவதில்லை, அதன் வழியாகக் கிருமிகளின் துணுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும். இதனால் எதிர்ப்புச் சக்தி ஓய்வே இல்லாமல் வேலை செய்கிறது. இதைத்தான் அழற்சி என்கிறார்கள். காய்ச்சல் போல வெளியே தெரியாது, ரத்தக்குழாயின் உட்புறத்தை வருடக்கணக்கில் கெடுக்கும். மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதற்கு வழி இருக்கிறது. இந்தியா உட்பட 12 நாடுகளில் எச்ஐவி உள்ள 7,769 பேரிடம் நடந்த ரிப்ரீவ் ஆய்வு 2023இல் வெளிவந்தது. மாரடைப்பு ஆபத்து அதிகம் இல்லை என்று கருதப்பட்டவர்களுக்கே பிடாவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரையைத் தினமும் 4 மில்லிகிராம் கொடுத்ததில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. "எனக்குக் கொழுப்பு மாத்திரை வேணுமாங்க?" என்று ஏ.ஆர்.டி. மையத்தில் நீங்களே கேளுங்கள். பீடி சிகரெட்டை விடாமல் இதை மட்டும் நம்பியிருந்தால் போதாது.

அடுத்ததுதான் என் பார்வையில் ரொம்ப மோசமான தவறு: மற்ற டாக்டர்களிடம் ஏ.ஆர்.டி. மாத்திரையை மறைப்பது. ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் புரிகிறது, அதற்காகவே பக்கத்து மையத்தை விட்டு கோயம்புத்தூர் வரை பஸ் ஏறுகிறவர்களும் உண்டு. ஆனால் சர்க்கரை மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கு வருகிறது, ஏ.ஆர்.டி. மாத்திரை வேறு இடத்தில் வாங்குகிறீர்கள், இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருமே இல்லை. இப்போது பெரும்பாலானோர் சாப்பிடும் டோலுடெக்ராவிர் என்ற ஏ.ஆர்.டி. மருந்து, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் கூட்டும், அதனால் பொதுவாக ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் மெட்ஃபார்மின் தர மாட்டார்கள். நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடிப்பவர்கள் டோலுடெக்ராவிரை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும், இல்லையென்றால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்குதான், சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் மட்டும் ஒன்றாகப் போடலாம்.

மூட்டு வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். முதல் கட்ட ஏ.ஆர்.டி. பலிக்காமல் இரண்டாம் கட்ட மருந்தாக ரிட்டோனவிர் எடுப்பவர்களுக்கு அந்த ஸ்டீராய்டு உடம்பை விட்டு வெளியேறாமல் தங்கிவிடும், முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், அட்ரினல் சுரப்பியே படுத்துவிடும். டெனோஃபோவிர் என்ற ஏ.ஆர்.டி. மருந்து எடுப்பவர்கள் மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வலி மாத்திரை வாங்கி நாள்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. டெனோஃபோவிர் எலும்பின் அடர்த்தியையும் கொஞ்சம் குறைக்கும், அதனால் மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்புப் பரிசோதனை பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும்.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை எண் லேசாக ஏறியிருக்கிறது என்று பயந்து தாமாகவே மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சிறுநீரகம் கெடாமலேயே டோலுடெக்ராவிர் அந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். எதிர்ப்புச் சக்திக்கு நாட்டு மருந்து போதும் என்று நிறுத்துவதும் வேண்டவே வேண்டாம். மாத்திரையை இடையில் நிறுத்தியவர்களுக்கு எய்ட்ஸ் சார்ந்த நோய்கள் மட்டுமல்ல, இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோய்களும் அதிகமானதை 2006இல் வெளிவந்த ஸ்மார்ட் ஆய்வு காட்டியது.

அப்புறம், "வயசாச்சில்ல" என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவது. எடை குறைந்தாலோ இருமல் விடாமல் இருந்தாலோ காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். பாதம் மரத்துப்போனால் சர்க்கரையாக இருக்கலாம், அந்தக் காலத்தில் சாப்பிட்ட ஸ்டாவுடின் என்ற பழைய ஏ.ஆர்.டி. மருந்து விட்டுப்போன நரம்பு பாதிப்பாகவும் இருக்கலாம். எந்த மருந்து சாப்பிட்டீர்கள் என்று டாக்டருக்குத் தெரிய, பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

எச்ஐவி இருப்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பது 2017ஆம் ஆண்டு எச்ஐவி/எய்ட்ஸ் சட்டப்படி தவறு, உங்கள் நிலையைச் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதும் தவறு. யாரிடம் எப்படிச் சொல்வது என்று தயக்கமாக இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம், காசு கிடையாது. அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும், சூரணம் லேகியம் இருந்தால் அதையும், ஒரே பையில் போட்டு எடுத்துப்போய் மேசையில் வையுங்கள்.